மொனாட்நாக் மலையுச்சியில் மரங்கள் இல்லாதது ஏன்? அங்கே என்னதான் வளர்கிறது?

குளிர்தான் காரணம் என்று பலரும் நினைக்கிறார்கள். ஆனால் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் இருக்கும் இந்த மலையின் உயரம் வெறும் 965 மீட்டர்தான். அதே மாநிலத்தின் வெள்ளை மலைகளில் 1,300 மீட்டர் உயரத்திலும் மரங்கள் நிற்கின்றன. மொனாட்நாக் மொட்டையானது மனிதர்கள் வைத்த தீயால். 1800களின் தொடக்கத்தில் மேய்ச்சலுக்காகவும் ஓநாய்களை விரட்டவும் விவசாயிகள் மூட்டிய தீயில் உச்சியிலிருந்த ஸ்புரூஸ் என்ற ஊசியிலை மரக் காடு எரிந்தது. பிடிமானம் போன மண்ணை மழையும் காற்றும் கொண்டுபோயின.

மிச்சம் பாறையும், அதன் பிளவுகளில் கொஞ்சம் அமில மண்ணும்தான். இருக்கிற நைட்ரஜனும் மட்கில் சிக்கிக் கிடக்கும். பெரும்பாலான செடிகளுக்கு அது எட்டாது. இங்கேதான் ஹீத் என்ற தாவரக் குடும்பம் ஜெயிக்கிறது: குட்டை புளூபெர்ரி, மலைக் கிரான்பெர்ரி போன்றவை. மயிரிழையைவிட மெல்லிய அவற்றின் வேர்களுக்குள் ஒரு வகைப் பூஞ்சை குடியிருந்து, மட்கைச் சிதைத்து நைட்ரஜனை எடுத்துக் கொடுக்கிறது. பதிலுக்குச் செடி சர்க்கரை தருகிறது. இந்தத் தாவரக் கூட்டத்தில் என்னை அதிகம் வியக்க வைப்பது இந்தக் கூட்டணிதான். நீலகிரியில் சிவப்பாகப் பூக்கும் ரோடோடென்ட்ரான் மரமும் இதே குடும்பம்தான்.

அப்புறம், ரோஜாக் குடும்பத்தைச் சேர்ந்த மூன்றுபல் சிங்க்ஃபாயில் பாறை வெடிப்பிலேயே வெள்ளையாகப் பூக்கும். வெறும் பாறையில் லைக்கன்கள், அதாவது பூஞ்சையும் பாசியும் ஒன்றாகச் சேர்ந்து வாழும் உயிர்கள். மண் சேர்ந்த பள்ளங்களில் சிவப்பு ஸ்புரூஸ் மெல்லத் திரும்பி வருகிறது.

ஏறப் போகிறவர்கள் தயவுசெய்து பாறைமேல் மட்டும் கால் வையுங்கள். மிதிபட்டுக் கரைந்த மண் மறுபடி சேர மிக நீண்ட காலம் ஆகும்.