அறுபது நாள் அவகாசம் உண்டு

கேள்வி: என் அக்கா மகளுக்கு வயது 21. கல்யாணம் ஆகவில்லை, இப்போது ஏழு மாதம். அவன் கைவிரித்துவிட்டான். வளர்க்க முடியாது என்று தினமும் அழுகிறாள். தெரிந்த நர்ஸ் ஒருவர், “நல்ல இடம் இருக்கு, செலவெல்லாம் அவங்க பாத்துக்குவாங்க, கையில அம்பதாயிரமும் வரும்” என்கிறார். போலீஸ், கேஸ் என்று போகாமல் குழந்தையை ஒப்படைக்க வழி உண்டா?
– பெயர் வேண்டாம், நாமக்கல்.

பதில்: முதல் வேலையாக அந்த நர்ஸின் போனை எடுப்பதை நிறுத்துங்கள், சகோதரி. அவர் சொல்வது தத்து இல்லை, வியாபாரம். இளைஞர் நீதிச் சட்டப்படி குழந்தையை விற்றவர், வாங்கியவர் இருவருக்கும் ஐந்து ஆண்டு வரை கடுங்காவல், ஒரு லட்சம் அபராதம்.

நேர்வழி அதே சட்டத்தில், 35-ஆம் பிரிவில் இருக்கிறது. வளர்க்க முடியாத பெற்றோர், மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவிடம் குழந்தையை ஒப்படைக்கலாம். அது குற்றமே அல்ல. கோயில் வாசலிலோ புதரிலோ விட்டுவிட்டுப் போவதுதான் குற்றம். அதற்கு ஏழு ஆண்டு வரை சிறை. குழந்தைகள் உதவி எண் 1098-க்கு அழைத்தால் யாரைப் பார்ப்பது என்று சொல்வார்கள்.

கல்யாணம் ஆகாத தாய் என்றால் அவள் கையெழுத்து மட்டும் போதும். அந்தப் பையனைத் தேடி அலைய வேண்டாம். குழுவில் “நன்றாக யோசித்தாயா?” என்று துருவித் துருவிக் கேட்பார்கள். திட்டுகிறார்கள் என்று நினைத்து அவள் எழுந்து வந்துவிடக் கூடாது; கேட்பது அவர்கள் கடமை. கையெழுத்துப் போட்ட பிறகும் மனசு மாற 60 நாள் அவகாசம் உண்டு. அதற்குள் திரும்பக் கேட்கலாம். அது கடந்தால் குழந்தை தத்துக்குப் போகும், பிறகு கேட்க முடியாது.

உங்கள் பக்கத்து சேலத்தில் 1992-இல் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். பெண் சிசுக்களைக் காப்பாற்ற வந்தது அது. பெயர் சொல்லாமல் அரசு வைத்திருக்கும் தொட்டிலில் விட்டுப் போகலாம். ஆனாலும் நேரில் ஒப்படைப்பதையே நான் சொல்வேன். தொட்டிலில் கிடந்த பிள்ளை வளர்ந்து “என் அம்மா யார்?” என்று கேட்டால், காட்ட ஒரு காகிதம்கூட இருக்காது.

இன்னொன்று, இதை யாரும் முன்கூட்டிச் சொல்ல மாட்டார்கள். குழந்தையைக் கொடுத்த பிறகும் மூன்றாம் நாள் வாக்கில் அவளுக்குப் பால் கட்டும். மார்பு கல்லாக வலிக்கும், ஜாக்கெட் நனையும். டாக்டரிடம் இப்போதே கேட்டு வையுங்கள். சித்தி நீங்கள் அந்த வாரம் லீவு போட்டுவிட்டு அவளோடு இருங்கள்.