பின்வீச்சில் இருக்கிறது தூரம்: ஃப்ளை வீச்சு குறித்த கேள்வி-பதில்

இம்முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை, 'இன்னும் தூரமாக வீசுவது எப்படி?' என்ற ஒன்றையே வெவ்வேறு விதமாகக் கேட்கின்றன. பதில்களுக்குள் போகுமுன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சாதாரணத் தூண்டிலில் ஈயக்குண்டின் எடை மெல்லிய தங்கூசியை இழுத்துக்கொண்டு பறக்கிறது. ஃப்ளை வீச்சில், கொக்கியின்மேல் இறகும் நூலும் சேர்த்துப் பூச்சிபோலக் கட்டிய ஃப்ளைக்குச் சொல்லும்படியான எடையே கிடையாது. இங்கே தடித்த தூண்டில் கயிறான லைன்தான் எடை, ஃப்ளை அதன் வாலைப் பிடித்துக்கொண்டு போகிறது. குண்டை எறிந்து பழகிய கை இதை ஏற்றுக்கொள்ளச் சில மாதங்கள் ஆகும்.

ஆறு மாதமாகப் பழகுகிறேன். 40 அடியைத் தாண்டினால் லைன் முன்னால் குவியலாக விழுகிறது. பலத்தைக் கூட்டினால் இன்னும் மோசமாகிறது. கோலை மாற்ற வேண்டுமா? (ஸ்கார்பரோ வாசகர்)

கோலைக் குறை சொல்வதற்கு முன் கழுத்தைத் திருப்பி, தோளுக்கு மேலாகப் பின்னால் பாருங்கள். 40 அடிவரை பின்வீச்சு, அதாவது முன்னால் வீசுமுன் லைனைப் பின்னால் வீசும் அசைவு, எப்படி இருந்தாலும் ஒருவாறு ஒப்பேற்றிவிடலாம். அதற்குமேல் லைனை வெளியே விட்டதும், பின்னால் தொய்ந்து கிடப்பதை நிமிர்த்துவதிலேயே முன்வீச்சில் பாதி செலவாகிவிடுகிறது; மிச்சமிருக்கும் வேகத்துக்கு அது குவியலாகத்தான் விழும்.

கோலின் நுனி எந்தப் பாதையில் போகிறதோ லைனும் அந்தப் பாதையில்தான் போகும். நுனி ஏறத்தாழ நேர்கோட்டில், மெதுவாகத் தொடங்கி வேகமெடுத்துச் சென்று சட்டென நின்றால், 'ப' எழுத்தைப் படுக்கவைத்ததுபோல ஒடுங்கிய லூப் ஒன்று உருவாகிக் காற்றைக் கிழித்துக்கொண்டு போகும். நுனி வானவில்லைப் போல வளைந்து இறங்கினால் அதே லூப் ஆளுயரத்துக்கு அகன்று, கொடுத்த பலமெல்லாம் காற்றைத் தள்ளுவதிலேயே தீர்ந்துவிடும். பலத்தைக் கூட்டும்போது நிலைமை மோசமாவதற்கும் இதுவே காரணம்: முயற்சி கூடக்கூட மணிக்கட்டு பின்பக்கம் மடிந்து, கோல் தரையை நோக்கிச் சாய்கிறது, வளைவு இன்னும் பெரிதாகிறது.

இதை நான் என் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ளவில்லை. தொடக்க நாட்களில் ஒருமுறை என் மைத்துனர் பக்கவாட்டில் நின்று கைபேசியில் படம் பிடித்தார். கோலை நெற்றிக்கு நேரே நிறுத்துவதாக நான் சத்தியம் செய்துகொண்டிருக்க, படத்தில் அது தரைக்கு இணையாகப் படுத்திருந்தது; வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் ஃப்ளை முழுக்கப் புல். அன்றிலிருந்து முழுக்கைச் சட்டை அணிந்து, கோலின் அடிமுனையை மணிக்கட்டுப் பட்டிக்குள் செருகிக்கொண்டு பழகினேன். மணிக்கட்டு மடிந்தால் துணி உடனே இழுத்து எச்சரிக்கும். இரண்டு வாரத்தில் பழக்கம் மாறியது.

நிறுத்துவதைப் போலவே காத்திருப்பதும் முக்கியம். பின்னால் லூப் விரிந்து, லைனின் முனையையும் ஃப்ளையையும் இணைக்கும் மெல்லிய இழையான லீடர் மட்டும் சுருள் அவிழ்ந்துகொண்டிருக்கும் நேரத்தில் முன்வீச்சைத் தொடங்க வேண்டும். லைன் நீண்டால் இந்த இடைவெளியும் நீள வேண்டும். பின்னால் சாட்டை சொடுக்கியதுபோலச் சத்தம் கேட்டால் அவசரப்பட்டுவிட்டீர்கள் என்று பொருள்; பெரும்பாலும் ஃப்ளையும் போயிருக்கும்.

கடிகார முகத்தில் 10 மணிக்கும் 2 மணிக்கும் இடையே கோலை அசைக்க வேண்டும் என்று உங்களுக்கு யாராவது சொல்லியிருப்பார்கள். 25, 30 அடிக்கு அது சரி. லைன் நீள நீள அதன் எடை கூடிக் கோல் அதிகமாக வளைகிறது. வளைந்த கோலின் நுனி நேர்கோட்டில் போக வேண்டுமானால் வீச்சின் கோணமும் அகல வேண்டும். அமெரிக்கப் பயிற்றுநர் பில் கேமலும் அவருடைய தந்தை ஜே கேமலும் வகுத்த ஐந்து அடிப்படைகளில் இதுவும் ஒன்று. லைனில் தொய்வு இருக்கக் கூடாது. இரு வீச்சுகளுக்கு இடையிலான காத்திருப்பு லைனின் நீளத்துக்கேற்ப மாற வேண்டும். பலத்தை உரிய அளவில் உரிய இடத்தில் தர வேண்டும். நுனி நேர்கோட்டில் செல்ல வேண்டும் என்பவை மற்ற நான்கு. எனக்கு வரும் புகார்களில் இந்த ஐந்துக்குள் அடங்காத ஒன்றை இதுவரை நான் கண்டதில்லை.

லீடரில் அடிக்கடி சிறு முடிச்சுகள் விழுகின்றன. காற்றினால் ஏற்படுகின்றன என்கிறார்கள். தவிர்க்க முடியுமா? (லண்டன், ஹாரோ வாசகர்)

'காற்று முடிச்சு' என்பது வீசுபவர்கள் தங்களைக் காப்பாற்றிக்கொள்ளச் சூட்டிய பெயர். காற்றே இல்லாத மாலையிலும் அது விழும். லூப்பின் மேல்கால் கீழ்க்காலைக் குறுக்காக வெட்டிக் கீழிறங்கும்போது ஃப்ளை லைனிலேயே சிக்கி முடிச்சாகிறது. கோலின் நுனி வீச்சின் நடுவில் ஒருமுறை தாழ்ந்து மீண்டும் எழுவதால் இது நிகழ்கிறது. முன்வீச்சின் தொடக்கத்திலேயே முழுப் பலத்தையும் கொட்டுவது முதல் காரணம். பின்வீச்சு விரியும் நேரத்தில் கை தன்னையறியாமல் முன்னால் ஊர்ந்துவந்து, வீசுவதற்கு இடமில்லாமல் செய்துவிடுவது இன்னொன்று. கெட்டிக்காரர்களுக்கும் களைப்பில் இது நேரும்.

சுவருக்கு வெள்ளையடிக்கும்போது மட்டையில் நிறைந்திருக்கும் சுண்ணாம்பை உதறிப் பாருங்கள். தொடக்கத்தில் வெடுக்கென இழுத்தால் பாதி உங்கள் தலைமேலேயே சிந்தும். மெதுவாகக் கொண்டுவந்து கடைசியில் உதறி நிறுத்தினால் முழுவதும் சுவரில் ஒரே இடத்தில் போய் விழும். வீச்சிலும் பலம் அந்தக் கடைசி உதறலில்தான் இருக்க வேண்டும். முடிச்சு விழுந்த லீடரை அப்படியே விட்டுவிடாதீர்கள். பெரிய மீன் இழுக்கும்போது அறுவது அந்த இடத்தில்தான்.

'டபுள் ஹால்' கற்றால் தூரம் கூடும் என்கிறார்கள். எனக்கு வயது 58, தோள்வலியும் உண்டு. முயலலாமா? (மெல்பர்ன் வாசகி)

அவசியம் முயலுங்கள், தோள்வலி உள்ளவர்களுக்குத்தான் அது மிகவும் உதவும். கோல் பிடிக்காத கையால், வீச்சின் கடைசிக் கட்டத்தில் லைனைக் கீழ்நோக்கிச் சிறிது இழுத்தால், லைனின் வேகம் கூடுகிறது, கோலும் கூடுதலாக வளைகிறது. பின்வீச்சில் ஒன்று, முன்வீச்சில் ஒன்று என இருமுறை இழுப்பதால் அந்தப் பெயர். தோள் செய்யும் வேலையில் ஒரு பகுதியை இடக்கை வாங்கிக்கொள்கிறது.

பலர் தவறுவது இழுப்பதில் அன்று, திருப்பிக் கொடுப்பதில். பின்னால் லூப் விரியும்போது இடக்கை லைனோடு சேர்ந்து மேலே, ரீலுக்கு அருகில் வந்துவிட வேண்டும். கீழேயே நின்றுவிட்டால் அடுத்த இழுப்புக்கு இடமிருக்காது. லைனை விட்டுவிட்டு மேலே ஓடினால் தொய்வு விழும். முதலில் கோல் இல்லாமல் வெறும் கைகளால் அந்த அசைவைப் பழகுங்கள்: கைகள் பிரிகின்றன, சேர்கின்றன, பிரிகின்றன, சேர்கின்றன. பிறகு கோலைப் பக்கவாட்டில் சாய்த்து, புல்வெளியில் 30 அடி லைனோடு, ஒவ்வொரு வீச்சுக்குப் பின்னும் லைனைத் தரையில் விழவிட்டு, நிதானமாக யோசித்து அடுத்ததைத் தொடங்குங்கள். ஒரு சாண் இழுப்பே போதும். தோளிலிருந்து தொடைவரை இழுப்பவர்களைப் பார்த்து மயங்க வேண்டாம். லைனின் நீளத்துக்கேற்ப இழுப்பின் நீளமும் தானாகக் கூடும்.

பலம் பற்றிக் கவலைப்படும் எவருக்கும் நான் அமெரிக்க வீச்சு வீராங்கனை ஜோன் வுல்ஃபை நினைவூட்டுவேன். 1951-இல் அமெரிக்கப் போட்டியொன்றின் தூர வீச்சுப் பிரிவில், எதிரே நின்ற அனைவரும் ஆண்களாக இருக்க, அவர் வென்றார். 1960-இல் 161 அடி வீசினார். மெலிந்த உடல்வாகு கொண்டவர் அவர். ஆனாலும் வலி நீடித்தால் மருத்துவரைக் கேட்காமல் பயிற்சியைத் தொடர வேண்டாம்.

5-ஆம் எண் கோலில் 6-ஆம் எண் லைன் போட்டால் தூரம் கிடைக்குமா? (அதே ஸ்கார்பரோ வாசகர்)

கோலை விட்டு லைனுக்கு வந்துவிட்டீர்கள். லைனின் எண் என்பது அதன் முதல் 30 அடியின் எடை: 5-ஆம் எண்ணுக்கு 140 கிரெயின், அதாவது ஏறக்குறைய 9 கிராம், 6-ஆம் எண்ணுக்கு 160 கிரெயின். 20, 25 அடிக்குள் வீசும் சிறு ஓடையில் கனமான லைன் கோலைச் சீக்கிரம் வளைத்து உதவும். நீங்கள் கேட்பதோ தூரம். 45 அடி லைனைக் காற்றில் வைத்திருக்கும்போது 5-ஆம் எண் லைனே கோலுக்குப் போதிய சுமை. பணத்தை மிச்சப்படுத்தி, இருக்கும் லைனைச் சோப்புக் கலந்த வெதுவெதுப்பான நீரில் கழுவித் துடையுங்கள். அழுக்கேறிய லைன் கோலின் வளையங்களில் உரசி நின்றுவிடும். கழுவிய அன்று மட்டும் சில அடிகள் கூடுவதை நீங்களே பார்ப்பீர்கள்.

ரட்லண்ட் வாட்டர் போன்ற பெரிய நீர்த்தேக்கங்களில் கரையிலிருந்து வீசும்போது காற்று படுத்துகிறது. (லெஸ்டர் வாசகர்)

எதிர்காற்று என்றால் பின்வீச்சை உயரமாகவும் முன்வீச்சைத் தாழ்வாகவும் வைத்து, லீடரையும் சற்றுக் குறைத்துக்கொள்ளுங்கள். பின்னாலிருந்து காற்று அடித்தால் இதைத் தலைகீழாக்குங்கள்: பின்னால் தாழ்வாக, முன்னால் உயரமாக. மிச்சத்தைக் காற்றே பார்த்துக்கொள்ளும்.

ஆபத்தானது, வலக்கைக்காரருக்கு வலப்பக்கமிருந்து வரும் காற்று. கொக்கி நேராக முகத்தை நோக்கி வரும். கோலை இடத்தோளுக்கு மேல் சாய்த்து வீசலாம். அல்லது நீருக்கு முதுகைக் காட்டி நின்று, பின்வீச்சையே நீரில் இறக்கலாம். எதைச் செய்தாலும் கண்ணாடியும் தொப்பியும் இல்லாமல் கோலைத் தொடக் கூடாது. என் காது மடலில் ஏறிய கொக்கியை எடுத்த மருத்துவர், 'நல்லவேளை, இரண்டு அங்குலம் தள்ளிப் போயிற்று' என்றார்.

அண்ணன் வெளிநாட்டிலிருந்து கோல் வாங்கி வந்தார். நான் இருப்பது கோயம்புத்தூர். பக்கத்தில் ஆறில்லை. எங்கே பழகுவது? (கோவை வாசகர்)

ஆறே வேண்டாம். சான் ஃபிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பூங்காவில் வீச்சுப் பயிற்சிக்கென்றே 1938-இல் கட்டிய குளங்கள் இருக்கின்றன. உலகத் தரமான பலர் மீனே இல்லாத அந்தத் தண்ணீரில் வீசி உருவானவர்கள். உங்களுக்கு ஒரு பள்ளி மைதானம் போதும், புல்லிருந்தால் நல்லது. சிமென்ட் தரையிலும் சரளையிலும் இழுத்தால் லைனின் மேற்பூச்சு உரிந்துவிடும். கொக்கிக்குப் பதிலாக விரல் நுனியளவு கம்பளி நூலைக் கட்டுங்கள். வாரத்துக்கு ஒருநாள் மூன்று மணி நேரம் வீசுவதைவிட, நாள்தோறும் 15 நிமிடம் வீசுவது மேல். வெறுமனே வீசாமல், 30 அடியில் ஒரு பழைய சைக்கிள் டயரைப் போட்டு அதற்குள் விழச் செய்யுங்கள்; அது பத்துக்கு எட்டுமுறை விழுந்த பிறகு 40 அடிக்குத் தள்ளுங்கள்.

என்றாவது உரிய அனுமதி பெற்று நீலகிரிக்குப் போவீர்களானால், ஆங்கிலேயர் கொண்டுவந்து விட்ட டிரவுட் மீன்கள் வாழும் அந்த ஓடைகளில் தூர வீச்சு பெரிதாகப் பயன்படாது. முதுகுக்குப் பின்னால் சோலையும் புதரும் இருக்கையில் பின்வீச்சுக்கு இடமேது? அங்கே தேவை ரோல் வீச்சு: லைனை நீரின்மேல் மெதுவாக இழுத்துவந்து, தோளுக்குப் பின்னால் அது தொங்கிய நிலையில் நிறுத்தி, அப்படியே முன்னால் உருட்டிவிடுவது. நீரின் பிடிப்பு லைனின் முனையை இறுக்கிக்கொள்வதால்தான் அது உருளும். புல்தரையில் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். அதற்கும் வழியுண்டு. பிள்ளைகளின் பரீட்சை அட்டை ஒன்றை 30 அடி தள்ளித் தரையில் வைத்து, லீடரின் முனையை அதன் கிளிப்பில் லேசாகச் செருகிவிட்டு உருட்டுங்கள். நன்றாக உருண்டால், லூப் அட்டைவரை ஓடிப்போய் முனையைக் கிளிப்பிலிருந்து பிடுங்கிக்கொண்டு அப்பால் விழும்.