இயந்திரவியல் படித்தவர் ரோபோவியலுக்குச் செல்லலாமா?

கேள்வி: பி.இ. மெக்கானிக்கல் முடித்து, சேலத்தில் ஒரு லேத் பட்டறையில் பணிபுரிகிறேன். மின்னணுவியல் அறியாத நான் மெக்கட்ரானிக்ஸில் (இயந்திரவியலும் மின்னணுவியலும் இணைந்த, ரோபோவியலுக்கு அடிப்படையான துறை) எம்.இ. படிக்க இயலுமா?
– வாசகர், ஓமலூர்

பதில்: தாராளமாகப் படிக்கலாம். ரோபோக் கையின் மூட்டுகளை கணித அணிகளால் (மேட்ரிக்ஸ்) விவரிக்கும் முறையை 1955-இல் வகுத்த டெனாவிட், ஹார்ட்டன்பெர்க் இருவரும் இயந்திரவியல் துறையினரே. உங்களைத் தடுமாற வைக்கக்கூடியது கட்டுப்பாட்டியல்தான். மோட்டார் எவ்வளவு சுழன்றது என்பதை என்கோடர் தெரிவிக்க, கன்ட்ரோலர் பிழையைக் கணக்கிட்டு மின்னழுத்தத்தைத் திருத்தும் அந்தச் சுற்றை, ஒரு சிறிய டி.சி. மோட்டாரையும் ஆர்டுயினோ என்ற சிறு நிரல்பலகையையும் கொண்டு இப்போதே உங்கள் கையால் இயக்கிப் பாருங்கள். புத்தகம் பாதிதான் கற்றுத்தரும். வேலையை விடுவதற்கு முன் பொறியியல் முதுநிலைச் சேர்க்கைக்கான கேட் (GATE) தேர்வை எழுதுங்கள். அதன் மதிப்பெண் 3 ஆண்டுகள் செல்லும். கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது, மாணவர்கள் ரோபோவைத் தாங்களே இயக்க ஆய்வகத்தில் அனுமதி உண்டா என்பதை நேரில் சென்று விசாரியுங்கள்.