சாமிக்குப் பயப்படாத மாப்பிள்ளை

கேள்வி: என் மகள் புனலூரில் செவிலியராக வேலை பார்க்கிறாள். அங்கே மின்சாதனக் கடை வைத்திருக்கும் ஒருவரை விரும்புகிறாள். பெண் பார்க்க வந்த அன்றே அவர், "எனக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது, அவள் கும்பிடுவதை ஒருநாளும் தடுக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டார். "சாமிக்கே பயப்படாதவன் வேறு எதற்குப் பயப்படுவான்?" என்று என் நாத்தனார் கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. போன மாதம் நான் கொடுத்த 100 ரூபாயை 500 என்று எண்ணிப் பேருந்து நடத்துநர் 400 ரூபாய் கூடுதலாகத் தந்துவிட்டார். ஆரியங்காவு வருவதற்குள் திருப்பிக் கொடுத்துவிட்டேன். சாமி பார்க்கிறது என்ற பயம்தானே காரணம்? அது இல்லாதவரை எப்படி நம்புவது?
– ஒரு வாசகி, செங்கோட்டை

பதில்: அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்தது அந்த 400 ரூபாயைப் பற்றிய வரிகளைத்தான். வசூலில் குறைகிற பணத்தை நடத்துநர் தம் கையிலிருந்துதான் கட்ட வேண்டியிருக்கும் என்பது நீங்கள் அறியாததல்ல. பணத்தை நீட்டியபோது உங்கள் மனத்தில் நின்றது சாமியா, இரவில் பையைக் கவிழ்த்து நோட்டுகளை மறுபடி மறுபடி எண்ணப்போகிற அந்த மனிதரின் முகமா? உங்களிடம் பக்தியும் இருக்கிறது, இரக்கமும் இருக்கிறது. இரண்டும் நெடுநாள் ஒன்றாகவே இருந்துவிட்டதால், இரக்கம் செய்த வேலையையும் நீங்கள் பயத்தின் கணக்கில் எழுதிவிட்டீர்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

உங்கள் ஊர்ப் பக்கத்துப் பொதிகை மலையை ஆண்ட ஆய் அண்டிரனைப் பாடிய முடமோசியார், இம்மையில் செய்தது மறுமைக்கு உதவும் என்று கருதிக் கொடுக்கிற 'அறவிலை வணிகன்' அவன் அல்லன், சான்றோர் சென்ற நெறி என்பதாலேயே கொடுத்தான் என்கிறார் (புறநானூறு, 134). ஆய் கடவுளை மறுத்தவன் அல்லன். கடவுள் வாழ்த்தோடு நூலைத் தொடங்கிய வள்ளுவரும், "மேலுலகம் இல்லெனினும் ஈதலே நன்று" (222) என்றார். நம்பிக்கை உள்ளவர்களே அறத்தை நம்பிக்கையின்மேல் மட்டும் நிறுத்தி வைக்கவில்லை என்பதை உங்கள் நாத்தனாருக்கும் சொல்லுங்கள்.

செங்கோட்டை ஒரு காலத்தில் திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்தது. அதே திருவிதாங்கூரின் வைக்கத்தில், கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் ஒடுக்கப்பட்ட சாதியார் நடக்கக்கூடாது என்று தடுத்தவர்கள் சாமிக்குப் பயந்தவர்கள்தாம். அதை எதிர்த்து 1924-இல் தொடங்கிய போராட்டத்தில் பக்தர்களும் சிறை சென்றார்கள், பின்னாளில் கடவுள் மறுப்பைப் பரப்பிய பெரியாரும் இரண்டு முறை சிறை சென்றார். யார் எந்தப் பக்கம் நின்றார்கள் என்பதைப் பக்தியை வைத்து மட்டும் பிரித்துவிட முடியாது.

இனி மாப்பிள்ளையைப் பற்றி. நெற்றியில் திருநீறு பூசிக்கொண்டு உங்கள் பூஜை அறையின் முன் இரண்டு நிமிடம் கைகூப்பி நின்றிருந்தால், அவருக்கு இந்தச் சம்பந்தம் எந்தத் தடையும் இல்லாமல் முடிந்திருக்கும். நீங்களும் நிம்மதியாகத் தூங்கியிருப்பீர்கள். தமக்கு இழப்பு வரலாம் என்று தெரிந்தே அவர் உண்மையைச் சொன்னார். வேறு எதற்குப் பயப்படுவார் என்றுதானே கேட்டீர்கள்? பெண்ணைப் பெற்றவர்களை ஏமாற்றப் பயந்திருக்கிறார்.

ஒரே ஓர் உண்மையை வைத்து ஒருவரை எடைபோட்டுவிட முடியாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆகவே நன்றாக விசாரியுங்கள்: கடைப் பையன்களுக்குச் சம்பளத்தை நாள் தவறாமல் கொடுக்கிறாரா, பழுதான பொருளைத் திருப்பிக் கொண்டுவருகிறவரிடம் எப்படிப் பேசுகிறார், வேலை முடிந்து அலுப்போடு வீடு திரும்பும்போது தம் அம்மாவிடம் எப்படி நடந்துகொள்கிறார் என்பனவற்றையெல்லாம் கேட்டறியுங்கள். பக்தியுள்ள மாப்பிள்ளை அமைந்திருந்தாலும் இவற்றை விசாரிக்கத்தான் வேண்டும்.

நான் கவலைப்படுவது வேறொன்றைப் பற்றி. குழந்தைக்கு மொட்டை போட்டுக் காது குத்துவது, பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலுக்குக் குடும்பத்தோடு போவது ஆகியவற்றில் அவர் உடன் வருவாரா, ஒதுங்கி நிற்பாரா, குழந்தையை எப்படி வளர்க்க நினைக்கிறார் என்பதையெல்லாம் உங்கள் மகள் நிச்சயதார்த்தத்துக்கு முன்பே அவரிடம் பேசிவிட வேண்டும். குலதெய்வத்துக்கு நீங்கள் ஏதாவது நேர்ந்துகொண்டிருந்தால், அதையும் இப்போதே அவரிடம் சொல்லிவிடுங்கள். அவர் உங்களிடம் எதையும் மறைக்கவில்லை.