உக்கும் உறைக்குள் பீடைநாசினி

கேள்வி: எங்கள் தொடர்மாடியின் மொட்டைமாடியில் கத்தரியும் மிளகாயும் வளர்க்கிறேன். வேப்பெண்ணெய்க் கரைசல் தெளித்த அன்றே பிற்பகல் மழை அதைக் கழுவிவிடுகிறது. உக்கக்கூடிய பல்பகுதிய (பொலிமர்) உறைக்குள் பீடைநாசினியை அடைத்து, சிறிது சிறிதாக வெளிவரச் செய்கிறார்களாமே? ஒருமுறை இட்டால் நெடுநாள் போதுமா? அந்த உறை மண்ணில் பிளாஸ்டிக்காகத் தங்கிவிடாதா?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: உங்கள் கடைசிக் கேள்வியே கனமானது என்பதால் அதிலிருந்து தொடங்குகிறேன். பீடைநாசினியை நுண்ணுறைக்குள் அடைப்பது புதிதன்று. மீதைல் பரத்தியன் என்ற பூச்சிக்கொல்லியை இவ்வாறு அடைத்த தயாரிப்பு 1970களிலேயே அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. அந்த உறைகள் மகரந்தத் துகளளவே இருந்தமையால், தேனீக்கள் அவற்றையும் மகரந்தத்தோடு சேர்த்துக் கூட்டுக்குக் கொண்டுபோயின. மெதுவாக வெளிவரும் என்ற சிறப்பே அங்கு கேடாயிற்று. பொதியில் சி.எஸ். (CS) என்று குறிக்கப்படும் இவ்வகைத் தயாரிப்புகளில் இன்றும் பெரும்பாலும் இருப்பது பொலியூரியா போன்ற, எளிதில் உக்காத பிளாஸ்டிக் உறைதான். ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் கொண்டுவந்த நுண்பிளாஸ்டிக் விதிகள், அத்தகைய உறையுள்ள பயிர்ப் பாதுகாப்புப் பொருட்களுக்கு 2031 ஒக்டோபர் வரையே அவகாசம் அளித்துள்ளன.

மாற்றாக ஆராயப்படுபவற்றுள் கபிலநிறக் கடற்பாசியிலிருந்து பெறும் அல்ஜினேற்று எளிமையானது. பீடைநாசினி கலந்த சோடியம் அல்ஜினேற்றுக் கரைசலைக் கல்சியம் குளோரைட்டுக் கரைசலுக்குள் சொட்டுச் சொட்டாக விட்டால், ஒவ்வொரு சொட்டும் விழுந்த கணத்திலேயே மேற்புறம் இறுகி, வேகவைத்த சவ்வரிசிபோல் மணியாகிறது. ஈர மண்ணில் இது நீரை உறிஞ்சிப் புடைக்க, உள்ளிருக்கும் பொருள் மெல்லக் கசிகிறது. சுவரை மண்ணின் நுண்ணுயிர்கள் சிதைக்கின்றன. ஆயினும் இந்தச் சுவர் நுண்துளைகள் நிறைந்தது. நீரில் கரையும் பொருளாயின் பெரும்பங்கு தொடக்கத்திலேயே வெளியேறிவிடும் என்பதால், இறால், நண்டு ஓடுகளிலிருந்து எடுக்கும் கைற்றோசானால் மேலுறை இடுகிறார்கள். பொலிலக்ரிக் அமிலம் என்னும் பிளாஸ்டிக்கும் உக்கும் என்றே விற்கப்படுகிறது; ஆனால் ஏறத்தாழ 60 பாகை செல்சியசில் இயங்கும் கூட்டெருக் குவியலில் விரைந்து உக்கும் அது, பூச்சாடி மண்ணில் மிக நீண்டகாலம் கிடக்கும். எங்கே, எத்தனை நாளில் உக்கும் என்று கூறாத விளம்பரத்தை நான் பொருட்படுத்துவதில்லை.

ஒருமுறை இட்டால் போதுமா என்றால், வேரருகே இடும் மருந்துக்கு இம்முறை பொருந்தும். இலையில் ஏற்கெனவே மொய்த்திருக்கும் பூச்சியை உடனே அடக்க உதவாது. அதோடு, சில நாட்களுக்கு ஒருமுறை காய் பறிக்கும் கத்தரிக்கும் மிளகாய்க்கும், வாரக்கணக்கில் கசியும் இரசாயன நஞ்சை நான் பரிந்துரைக்க மாட்டேன்; உறை உக்குவதால் உள்ளிருக்கும் நஞ்சின் வீரியம் குறைந்துவிடாது. வேம்பின் கதை வேறு. அதில் பூச்சியைத் தாக்கும் அசாடிராக்டின் என்னும் பொருள் வெயில் பட்டால் சில நாட்களிலேயே சிதைவதால், அதற்கு உறை ஒரு குடையாகப் பயன்படுகிறது. அத்தகைய தயாரிப்பைக் கண்டால், 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைநாசினிகள் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ்ப் பதிவு பெற்றதா என்று பொதியைப் பார்த்து வாங்குங்கள். அதுவரை, மழை ஓய்ந்து இலை உலர்ந்த மாலையில், இலையின் அடிப்புறம் நனையத் தெளியுங்கள். மறுநாள் வெயில் ஏறும்வரையாவது மருந்து சிதையாமல் இருக்கும்.