கோடையில் பாளம் பாளமாக வெடிக்கிற களிமண்ணா அணுக்கழிவைக் காக்கும்?

மன்னார்குடிப் பக்கத்து வயலைக் காட்டி, "வெடிப்புக்குள் கையே போகிறது, இதை நம்பியா புதைப்பது?" என்று கேட்டிருக்கிறீர்கள். வயல் திறந்து கிடக்கிறது, சுருங்கத் தடையில்லை, வெடிக்கிறது. கழிவுக்கு வைப்பது பென்டோனைட் என்ற களி. போர் போடும்போது குழி சரியாமல் இருக்கக் கரைத்து ஊற்றுவார்களே, அதே சரக்குதான். ஆனால் கரைப்பதில்லை, கட்டியாக அழுத்திச் செப்புக் கலனைச் சுற்றி அடுக்குவார்கள். பின்லாந்தில் அணுக்கழிவைப் புதைக்கக் குடைந்த ஒன்கலோ சுரங்கத்தில் இதற்கான ஆழம் சுமார் 430 மீட்டர்.

கணக்கு எளிது. உலர் அடர்த்தி கன செ.மீ.க்கு 1.6 கிராம் என்றால், 100 கிலோ உலர்ந்த களி, உப்ப இடமில்லாமல் முழுக்க ஊறினாலும் 26 கிலோ தண்ணீர்தான் கொள்ளும். அதே களியைத் திறந்து விட்டால் தன் எடையைப்போல் பல மடங்கு குடிக்கும். உப்ப இடமில்லாததால் அந்த வேகம் அழுத்தமாக மாறி, கட்டிகளுக்கு நடுவில் உள்ள சந்துகளை அடைக்கிறது.

ஆகவே எந்த உறிஞ்சுவிசையில் (களி தண்ணீரை இழுத்துப் பிடிக்கும் விசை) எவ்வளவு தண்ணீர் நிற்கும் என்று காட்டும் நீர்ப்பிடிப்பு வளைகோட்டை, களியை இறுக்கமான எஃகு வளையத்துக்குள் வைத்தே அளக்க வேண்டும். மூடிய கலத்தில் அடியில் உப்புக் கரைசல், மேலே துளைத்தட்டில் மாதிரி. இனிக் கரையாத அளவு உப்புப் போட்ட சோற்றுப்புக் கரைசல் கலத்துக் காற்றுக்கு 75% ஈரப்பதம் தரும், அதாவது சுமார் 39 மெகாபாஸ்கல் உறிஞ்சுவிசை. எடை மாறாமல் நிற்கும் வரை மாதிரியை எடைபோட்டுக்கொண்டே இருக்க வேண்டும், மாதக்கணக்கில் ஆகும். கடைசியில் 105 டிகிரியில் உலர்த்தி எடை பார்க்கலாம். அறை வெப்பம் ஆடினால் ஈரப்பதமும் ஆடும், எல்லாம் வீண். ஈரப்பதம் 98 சதவீதத்திலிருந்து ஒரே ஒரு சதவீதம் இறங்கினாலும் உறிஞ்சுவிசை 2.8 மெகாபாஸ்கலிலிருந்து 4.2 ஆகிவிடும். மின்வெட்டில் ஏ.சி. நின்ற ஆய்வகத்தின் வளைகோட்டில் ஈரம் மிகுந்த முனைப் புள்ளிகளை நான் நம்பமாட்டேன். அடர்த்தி, வெப்பநிலை, நனைத்ததா உலர்த்தியதா என்று குறிக்காத வளைகோடும் அப்படித்தான்.

உங்கள் பயத்தில் நியாயமான பகுதி, கழிவு விடும் வெப்பம். கலனை ஒட்டிய களி காயத்தான் செய்யும். அதனால்தான் 100 டிகிரி வரம்பு வைக்கிறார்கள். சுவிட்சர்லாந்தின் கிரிம்சல் ஆய்வுச் சுரங்கத்தில் பென்டோனைட் கட்டிகளை அடுக்கி 1997-ல் சூடேற்றத் தொடங்கி, 2015-ல் பிரித்தபோதும் சூட்டுப் பக்கம் ஈரம் குறைவாகவே இருந்தது. ஆனால் கட்டிகளுக்கிடையே விட்ட சந்துகள் மூடியிருந்தன.

அணுக்கழிவுக்கு வக்காலத்து என்று யாரும் கிளம்ப வேண்டாம். டெல்டாவில் புதைக்கச் சொல்லவில்லை. இங்கே வண்டல்தான் ஆழமாகக் கிடக்கிறது, அந்த முறைக்குக் கெட்டிப்பாறை வேண்டும்.

வயல் வெடிப்பைப் பற்றியே தெரிய வேண்டுமானால் மண்வள அட்டையும் உதவாது. 12 விவரம் இருக்கும். களி எத்தனை சதவீதம், எவ்வளவு தண்ணீர் பிடிக்கும் என்பது மட்டும் இருக்காது. மேட்டூர் திறப்பு தள்ளிப்போகிற வருடத்தில் விவசாயிக்கு முதலில் வேண்டியது அதுதான்.