மரபணு ஆலோசனை முதுகலை: நேர்முகத்தில் எதைப் பார்ப்பார்கள், 'மேட்ச்' என்றால் என்ன?

வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழகத்தில் உயிரியல் முடித்துவிட்டு அமெரிக்காவில் இதைப் படிக்க நினைப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி. மரபணு ஆலோசகர் என்றால், பரம்பரையாக வரும் வருத்தங்களைக் குடும்பத்துக்கு விளங்கப்படுத்திவிட்டு, முடிவை அவர்களிடமே விடுகிறவர். அதனால்தான் நேர்முகத்தில் நீங்கள் எப்படிக் காது கொடுக்கிறீர்கள், எப்படிச் சொல்கிறீர்கள் என்று பார்க்கிறார்கள். தாய், தகப்பன் இருவரும் தலசீமியா என்ற இரத்த வருத்தத்தின் காவிகள் (தங்களுக்கு வருத்தம் இல்லாமல் அதன் மரபணுவைச் சுமப்பவர்கள்) என்றால் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வர 4இல் 1 வாய்ப்பு, "மூத்தவனுக்கு வந்திட்டுது, இனி மூன்று பேருக்கு வராதுதானே?" என்று கேட்கிற களுவாஞ்சிக்குடி அம்மாவுக்கு, 'இல்லை, ஒவ்வொரு முறையும் அதே 4இல் 1தான்' என்பதை மனம் நோகாமல் சொல்லிப் பழகுங்கள். (கணக்கு லேசு, அந்த முகத்தைப் பார்த்துச் சொல்வதுதான் கஷ்டம்.)

சரி, மேட்ச். 2018 முதல் நடக்கிறது. நேர்முகம் முடிந்ததும் நீங்கள் பல்கலைக்கழகங்களை வரிசைப்படுத்துவீர்கள், அவர்கள் விண்ணப்பித்தவர்களை வரிசைப்படுத்துவார்கள், கணினி பொருத்தும். கலியாணப் பேச்சு மாதிரித்தான், இரண்டு வீட்டுக்கும் பிடித்தால்தான் சரிவரும். சில வேளை ஒன்றுமே பொருந்தாமலும் போகும்.

'கிடைக்கக்கூடியதை முதலில் போட்டால்தான் இடம் வரும்' என்பது பிழை, உண்மையில் பிடித்ததையே முதலில் போடுங்கள், அது கிடைக்காவிட்டாலும் அடுத்ததில் உங்கள் வாய்ப்பு குறையாது.